ஒரு ஓம் போதாது

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு விழுந்தபோது ஒரே ஒரு சொல் மட்டும் விழாமல் நின்றது. ஓம். பசிக்குதோ என்று கேட்டால் ஓம். பசிக்கேல்லையோ என்று கேட்டாலும் ஓம். யன்னலைச் சாத்தவோ, ஓம். திறந்து விடவோ, அதற்கும் ஓம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து எந்த விடயத்திலும் லேசில் என்னோடு ஒத்துப்போகாத மனிதர், இப்போது நான் கேட்டதற்கெல்லாம் ஓம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்க்க வந்த அயல்வீட்டு அக்கா கட்டிலடியில் நின்று கைகூப்பினார். “பிரணவமல்லோ வாயிலை நிக்குது. குடுத்து வைச்ச மனுசன்” என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “உது பிரணவமில்லை அக்கா. தேத்தண்ணிக்குச் சீனி போடவோ எண்டு கேட்டாலும் உதைத்தான் சொல்லுறார். சீனி வருத்தக்காரர்” என்றேன். பாவம், அவர் ஆறுதலுக்குச் சொன்னது. ஆனால் ஆறுதலைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நான் இருக்கவில்லை. வீட்டில் இரண்டு பேர். ஒருவர் பேச்சை இழந்துவிட்டார். மற்றவருக்குக் கதைக்க ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். அவர் கணிதம், நான் தமிழ். கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட, சுற்றுமதில் வைத்த வளவுக்குள் எங்கள் வீடு. வளவின் மூலையில் அவர் போட்ட ரியூசன் கொட்டில். பின்னேரங்களில் சாதாரணதரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே வாங்குகளில் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். ரயில் போகும்போது மட்டும் அவர் நிறுத்துவார். அது போய் முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். நான் குசினியில் நின்றபடி அவ்வளவையும் கேட்பேன். கணக்கு எனக்கு வராது. ஆனால் அவர் கணக்குப் படிப்பிக்கும் வசனங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவருக்கு மிகவும் பிடித்தது வசனக்கணக்கு. வசனமாகத் தந்ததைச் சமன்பாடாக மாற்றி, இரண்டு தெரியாக்கணியங்களையும் கண்டுபிடித்து, திரும்பவும் வசனத்துக்கே கொண்டுவருவது. சோதனைக்கு வினாத்தாள் தயாரிக்கும்போது அவரே கணக்குகளை இட்டுக்கட்டுவார். தமிழ் பார்த்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டுவார். அதில்தான் சண்டை தொடங்கும்.

“ஒருவன் ஏழு மாம்பழங்களும் மூன்று தோடம்பழங்களும் வாங்கினான்” என்று எழுதியிருப்பார்.

“ஆர் உவன்?” என்பேன். “ஏன் உவ்வளவு பழம் வாங்கினவன்? வீட்டிலை ஆருக்குச் சுகமில்லை?”

“அது தேவையில்லை. என்ன கேட்டிருக்கு எண்டு மட்டும் பாரும்.”

“ஒரு மனுசனை எழுதினால் அவனுக்கு முகம் வேணும்.”

“நீர் வசனத்தைப் பாக்கிறீர். நான் அதுக்குள்ளை கிடக்கிற கணக்கைப் பாக்கிறன். முகம் வைச்சால் பிள்ளையள் முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பினம்.”

நான் சிவப்பு மையால் அவருடைய வாக்கியங்களை வெட்டுவேன். அவர் வெட்டியதில் பாதியைத் திரும்பச் சேர்ப்பார். எங்கள் இல்லறத்தின் பெரிய பகுதி இப்படி ஒரு மேசையின் இரண்டு பக்கத்தில் நடந்தது. அது சண்டை என்றுதான் அப்போது நினைத்தேன். பேச்சு நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

வாதம் வலப்பக்கத்தை இழுத்திருந்தது. வலக்கை மடியிலேயே கிடந்தது. வலக்காலை மட்டும் அவர் விடவில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, விறாந்தையிலிருந்து கிணற்றடி வரைக்கும் போகப் பழகினார். நான் பின்னால் கதிரையோடு போவேன். களைத்தால் இருத்துவேன். வியர்த்துக் கொட்டும், முகம் சிவக்கும், ஆனால் திரும்பிப் போகலாமா என்று கேட்டால் ஓம் என்று சொல்லிக்கொண்டே முன்னுக்குத்தான் போவார். அப்போதே எனக்கு ஒரு விடயம் புரிந்திருந்தது. அவர் சொல்லும் ஓமுக்கும் அவர் மனத்துக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பிறகு அந்தக் காலின் பெருவிரலில் புண் வந்தது. உணர்வு குறைந்த கால், போதாததற்குச் சீனி வருத்தம். மருந்து கட்டினோம். ஆறவில்லை. விரல் கறுத்து, கறுப்பு பாதத்துக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள்.

சத்திரசிகிச்சை வைத்தியர் இளம் வயது. அவசரப்படாதவர். என்னையும் என் மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, குனிந்து, என் கணவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிடும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

“ஐயா, நான் சொல்லுறது விளங்குதோ?”

“ஓம்.”

“காலை எடுக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமோ?”

“ஓம்.”

என் மைத்துனர், அவருடைய தம்பி, கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். ஒரு பெருமூச்சு விட்டு, “அண்ணை ஓமெண்டிட்டார். இனி என்ன அண்ணி, மளமளவெண்டு செய்யச் சொல்லுவம்” என்றார்.

“பொறுங்கோ தம்பி” என்றேன். வைத்தியர் பக்கம் திரும்பினேன். “டொக்டர், குறை நினைக்காதையுங்கோ. காலை எடுக்காமல் விடவோ எண்டும் ஒருக்காக் கேளுங்கோ.”

வைத்தியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் கேட்டார்.

“ஐயா, காலை எடுக்காமல் விடுவமோ?”

“ஓம்.”

வைத்தியர் கையில் வைத்திருந்த பேனையைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டார். “அம்மா, நாளைக்குக் காலமை நான் வருவன். அதுக்கிடையிலை அவரின்ரை மனம் என்னெண்டு பாருங்கோ. அதுக்கு மேலை பிந்த ஏலாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நல்ல மனிதர். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் ஓம் என்றால் சம்மதம்தானே. வேறு எப்படி எடுப்பது?

எடுத்தால் உயிர், எடுக்காவிட்டால் இல்லை, இதில் என்ன யோசனை என்று யாரும் கேட்கலாம். எனக்கு யோசனை இருந்தது. என் கணவருடைய தகப்பனாருக்கும் இதே சீனி வருத்தம், இதே போல ஒரு கால் போனது. அதற்குப் பிறகு அவர் உள்ளறையை விட்டு வெளியே வரவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தே செத்தார். செத்தவீடு முடிந்த அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு, என் கணவர் விறாந்தையில் என்னை இருத்திவைத்துச் சொன்னார்: “இஞ்சாரும், எனக்கு உப்பிடி வந்தால் வெட்ட விடாதையும். நான் முழுசாப் போறன்.” அவர் விடவில்லை. “கேக்குதோ?” என்றார். ஓம் என்றேன். அந்த ஓம் என் வாயிலிருந்து வந்தது, சரியாக விளங்கிச் சொன்ன ஓம்.

இப்போது எது அவருடைய சொல்? நாக்கு நன்றாக இருந்தபோது சொன்னதா, அல்லது இந்த ஓமா? ஒன்றை நம்பி மற்றதை விட்டால், ஒன்றில் அவரைச் சாக விட்டவளாவேன், அல்லது அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி, சுவரைப் பார்க்க வைத்தவளாவேன். அன்று மத்தியானம் அந்தக் கட்டிலடியிலேயே இருந்தேன். பயம் என்றால் இப்படித்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மைத்துனர் தன் வழியில் முயற்சி செய்தார். சந்தையில் விலை கூறிப் பழகிய குரல் அவருக்கு. “அண்ணை, காலை எடுக்கவோ?” ஓம். “அண்ணை! காலை! எடுக்கவோ?” ஓம். “வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை, காலை எடுக்கிறதோ?” ஓம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் துயரத்திலும் கொட்டிலிலிருந்து வரும் அந்தப் பழைய குரல் கேட்டது. “ரெண்டு தெரியாக்கணியம் இருந்தால் ரெண்டு சமன்பாடு வேணும். உள்ள ஒண்டையே ரெண்டாலை பெருக்கி எழுதிப்போட்டு, சேர், ரெண்டு கிடக்கு எண்டு எனக்குப் பேய்க்காட்டாதை.” எத்தனை பிள்ளைகள் அந்த ஏச்சை வாங்கியிருப்பார்கள். மைத்துனர் செய்ததும் அதுதான். குரலைக் கூட்டினால் கேள்வி இரண்டாகாது.

“தம்பி, போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ” என்று அவரை அனுப்பினேன்.

தனியே இருந்து யோசித்தேன். எனக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று, அவருடைய மனம். மற்றது, அவர் சொல்லும் ஓம் ஓம்தானா என்பது. ஒரே கேள்வியால் இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் எனக்கு விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு அந்த ஓமைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடித்த பிறகுதான் காலைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நான் அளவெட்டியில் பிறந்தவள். ஒரே சுரத்தை இரண்டு நாதசுரகாரர் வாசித்தால் எது யாருடையது என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லும் ஊர் அது. காது எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

“உங்களுக்குப் பாவற்காய்க் கறி எண்டால் உயிர்தானே?” வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. “ஓம்” என்றார். கண் யன்னல் பக்கம் போனது.

“இது கொக்குவில் இல்லை, ஆஸ்பத்திரிதானே?” “ஓம்.”

“நான் உங்கடை வினாத்தாளிலை பிழை திருத்தினது எல்லாம் சரிதானே?” “ஓம்.” கண் திரும்பவும் யன்னலுக்குப் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்களுக்கு என்னைத் தெரியுதுதானே?”

“ஓம்.” இந்த முறை கண் என்னிலேயே நின்றது. இடக்கைப் பெருவிரல் சுட்டுவிரலை மெல்லத் தேய்த்தது. வெண்கட்டித் தூளைத் துடைக்கும் தேய்ப்பு. கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்து முடித்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பும்போது அவர் செய்வது. வாயை விட்டுவிட்டு விரலைத்தான் பார்த்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வேறு வேறு கேட்டுப் பார்த்தேன். உண்மைக்கு விரல் தேய்த்தது. பொய்க்குத் தேய்க்கவில்லை.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்டேன். “இஞ்சாருங்கோ. காலை எடுக்கவோ?”

அவர் ஓம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கை அசையவில்லை. வாதம் வந்த நாளிலிருந்து ஒரு கேள்விக்கு அவர் ஓம் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. “எடுக்காமல் விடவோ?” என்றேன். அதற்கும் ஒன்றுமில்லை. மூடிய கண் ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். எனக்கு அவரில் கோபம் வந்தது. கடவுளில் அதைவிடக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டதும் கதவு சாத்தப்பட்டுவிட்டதே என்று.

கண்ணைத் திறக்கவைக்க வேறு வழி தெரியவில்லை. கைப்பைக்குள் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் கிடந்தது. அதன் பின்பக்கம் வெறுமை. அதில் அவர் எப்போதும் முதல் நாள் பாடத்துக்குப் போடும் கணக்கை எழுதினேன். எனக்கு மனப்பாடமான ஒன்று அது.

x + y = 10
x − y = 4

தாளை அவர் நெஞ்சில் வைத்து, பேனையை இடக்கையில் செருகினேன். கண்ணைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கை நகர்ந்தது. முதலில் செய்தது கணக்கு இல்லை. முதல் வரிக்குப் பக்கத்தில் 1 என்று போட்டு வட்டமிட்டார், இரண்டாவதற்கு 2. சமன்பாட்டுக்கு இலக்கம் போடாத பிள்ளைக்கு அவர் ஒரு புள்ளி குறைப்பார். நான் போடாமல் விட்டுவிட்டேன். பிறகு, அரிவரிப் பிள்ளையின் எழுத்துப் போல ஆடி ஆடி, x = 7, y = 3 என்று எழுதினார்.

நான் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் வாய்விட்டு அழுதேன். தண்ணீர் வேணும் என்று கேட்கத் தெரியாத மனிதர், தெரியாத இரண்டைக் கண்டுபிடித்துவிட்டாரே. சொல் போன பாதை வேறு, எண் போன பாதை வேறு. எண்ணின் பாதை திறந்து கிடந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை, கணக்கு வராதவள் எப்படித் தெரிந்துகொள்வேன்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளின் மிச்ச இடத்தைக் காட்டினேன். “இஞ்சாருங்கோ, இப்ப வசனக்கணக்கு. நான் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ. ஒருவர் ஆஸ்பத்திரியிலை இருந்து வீட்டை போறார். போகேக்கை அவருக்கு எத்தினை கால்? x எண்டு வையுங்கோ.”

என் வாழ்நாளில் நான் சொன்ன மிக மோசமான வசனம் அது. முகம் இல்லாத ஒருவர். அவருக்கு உள்ளேயிருந்து சிரிப்பு வந்திருக்க வேண்டும், வாயின் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அது இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்தார். ஒன்று என்று எழுதுவாரா, இரண்டு என்று எழுதுவாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு என்று எழுதினால் அதன்படி செய்ய வேண்டியவள் நான்.

அவர் ஒன்றும் எழுதவில்லை, இரண்டும் எழுதவில்லை. எழுதியது இது:

x + y = 3

“y ஆர்?” என்றேன். “நான் y சொல்லேல்லையே.”

பேனையைத் தூக்கி, கட்டிலின் விளிம்புக்கு மேலாக நீட்டி, கீழே காட்டினார். நிலத்தில் என் பாதங்கள் இருந்தன. வீட்டுச் செருப்போடு ஓடிவந்தவள் நான்.

அவருடைய கால்கள் x. என்னுடைய கால்கள் y. இரண்டும் சேர்ந்து மூன்று. நான்கு என்று அவர் எழுதவில்லை. முழுசாகப் போகிறேன் என்று அன்று விறாந்தையில் சொன்ன மனிதர், இன்று மூன்று என்று எழுதியிருந்தார்.

எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார். x = 1 என்று அவரே முடித்திருக்கலாம். அது அவருக்குப் பெரிய கணக்கில்லை. வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருந்தார். தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்று. மற்றச் சமன்பாட்டை நான்தான் தர வேண்டும். காலை எடுக்கவோ என்று நாங்கள் எல்லோரும் மாறி மாறிக் கேட்டோம். அவருடைய கேள்வி அது இல்லை. என்ன கேட்டிருக்கு என்று பார்க்கச் சொன்ன மனிதரிடம் நான் அதைப் பார்க்காமல் விட்டேன். தகப்பனார் படுத்திருந்த அறைக்கு வெளியே அவருடைய தாயார் என்ன பாடுபட்டார் என்று கண்ணால் கண்டவர் அவர். சுவரைப் பார்ப்பது அவருக்குப் பயமில்லை. நான் அந்தப் பாடு படுவேனா, படச் சம்மதமா என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் ஓம் சொல்ல முடியாது. அது என் வாயால் வரவேண்டிய ஓம்.

“விசர் மனுசன்” என்றேன். “நான் எங்கை போகப் போறன்?” அவர் எழுதியதற்குக் கீழே y = 2 என்று எழுதினேன். இலக்கம் போட மறந்தேன். அவர் பேனையை வாங்கி, தன் வரிக்கு 1, என் வரிக்கு 2 என்று வட்டமிட்டார். பிறகு x = 1 என்று எழுதி, கீழே இரண்டு கோடு கீறினார்.

தாளை நான் எடுக்கப் போனேன். விடவில்லை. இரட்டைக் கோட்டுக்குக் கீழே இருந்த வெறும் இடத்தை விரலால் தட்டினார். எனக்கு விளங்கியது, கொட்டிலில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்வது. “x ஒண்டு எண்டு விட்டிட்டு எழும்பி ஓடாதையுங்கோ. வசனத்திலை கேட்டதுக்கு வசனத்திலை மறுமொழி எழுதுங்கோ.” ஆகவே என்று தொடங்க வேண்டும். வசனம் அவரிடம் இல்லை. அது என் வேலை.

வாழ்நாள் முழுக்கத் தமிழ் படிப்பித்தவள், அவருடைய ஒவ்வொரு வசனத்திலும் குற்றம் கண்டவள், அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். மைத்துனர் தேத்தண்ணிப் போத்தலோடு வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. நான் எழுதி முடித்தேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“ஆகவே, நாங்கள் மூன்று காலோடு வீட்டுக்குப் போவோம்.”

“ஓம்” என்றார். பெருவிரல் சுட்டுவிரலைத் தேய்த்தது.